மூன்றாவது பிரேக்

பாஸ்கரனின் கட்டைவிரலில் அந்த ஒயர் குத்தியபோது இன்னும் விடிந்திருக்கவில்லை. விடிந்திருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில், அந்த நீள சைக்கிளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன்சக்கரத்தில் ஆரம்பித்துப் பின்னால் வரை தடவிக்கொண்டே வந்தான். டயரை அழுத்திப் பார்த்தான். சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, தளர்ந்த சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்டான். செயினை விரல்களுக்கிடையே ஓடவிட்டு எண்ணெய் போதுமா என்று பார்த்தான். கடைசியாகப் பின் கைப்பிடியில் இருந்த லிவருக்கு அடியில் விரலை விட்டபோது சுருக்கென்றது. பிரேக் ஒயரின் புரியில் ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

அது இரண்டு பேர் ஓட்டும் சைக்கிள். முன்னால் உட்கார்பவர் திருப்புவார், கியர் போடுவார், இரண்டு சக்கரங்களின் விளிம்பையும் பிடிக்கும் பிரேக்குகளை அழுத்துவார். பின்னால் உட்கார்பவருக்கு மிதிப்பதுதான் வேலை. கூடவே இந்த மூன்றாவது பிரேக் ஒன்று. மலை இறங்கும்போது இரண்டு ஆள் பாரத்தையும் விளிம்பு பிரேக்குகளே தாங்கினால் விளிம்பு கொதித்து டியூப் வெடித்துவிடும். அதனால் இறக்கம் முழுக்கப் பின்னால் இருப்பவர் மூன்றாவது பிரேக்கைப் பிடித்தபடியே வரவேண்டும். அதன் ஒயர் சாதாரண சைக்கிளின் ஒயர் அளவு அல்ல, நீளம். ஓசூர் கடைகளில் கிடைக்காது. பெங்களூரில் சொல்லிவைத்து வாங்கவேண்டும்.

"எல்லாம் சரியா இருக்குதாங்க?" சமையலறையிலிருந்து அவன் மனைவி மோகனப்ரியா கேட்டாள். உருளைக்கிழங்கை வேகவைத்து உப்பு போட்டுப் பிசைந்து, வழியில் தின்பதற்காக உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒயர் போய்விட்டது என்று சொன்னால் அவள் இன்றைக்கு வேண்டாம் என்பாள். அடுத்த ஞாயிறு அவளுக்கு ஷிப்ட். அதற்கடுத்த ஞாயிறு ஒரு சைக்கிள் கிளப் நடத்தும் பெரிய பயணம்: ஓசூரிலிருந்து ஊத்தங்கரை வரை போய் அன்றைக்கே திரும்புவது. பெயர் கொடுத்தாயிற்று. மலை ஏறி இறங்கிப் பழக இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

ஓர் இழைதானே. மற்றவை இருக்கின்றனவே.

"சரியாத்தான் இருக்கு. கிளம்பலாம்" என்றான்.

அவன் எதையாவது மறைத்தது இது முதல் தடவை அல்ல. சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்த்தபோதே அவன் விழித்திரை கருக ஆரம்பித்திருந்தது. முதலில் மாலைக்கண், பிறகு பக்கவாட்டுப் பார்வை, பிறகு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் ஒரு வட்டம். கிட்டத்தட்ட ஒரு வருஷம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஞாபகத்தை வைத்தே வேலைக்கு சைக்கிளில் போய் வந்தான். ஒரு சாயங்காலம் ஓரமாக நின்றிருந்த டிராக்டரின் பின்னால் நேராகப் போய் மோதினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் மோகனப்ரியாவுக்கே தெரியும். அன்றைக்கு அவள் அழவில்லை. "எங்கிட்டச் சொல்லணும்னு ஒரு நாள்கூடத் தோணலையா?" என்று மட்டும் கேட்டாள். 

வேலை போனது. அடுத்த வருஷத்துக்குள் அந்த வட்டமும் போனது. இளவயதிலிருந்து மலை மலையாக சைக்கிள் ஏறிய மனுஷன் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. ஒருநாள் மோகனப்ரியாதான் எங்கோ விசாரித்து, பெங்களூரில் ஒரு தம்பதி விற்கிற இந்த சைக்கிளைப் பற்றிக் கேள்விப்பட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். அதற்கு முன்னால் அவள் ஓட்டியதெல்லாம் பள்ளிக்கூடம் போன சைக்கிள்தான். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, காலி மைதானத்தில் பின்சீட்டில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பழகினாள். தொரப்பள்ளி வரை, உத்தனப்பள்ளி வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. மிதிக்கிற நேரத்தில் மட்டும் பாஸ்கரன் யார் கையையும் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள் இல்லை. அந்த நேரத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தான்.

தேன்கனிக்கோட்டை தாண்டும்வரை நல்ல காற்று. ஊருக்கு வெளியே டீ குடித்துவிட்டு, அஞ்செட்டி போகும் காட்டு ரோட்டில் இறங்க ஆரம்பித்தார்கள். பள்ளத்தில் இருக்கிற அஞ்செட்டி வரை போய், திரும்பி அதே மலையை ஏறி வருவது என்று திட்டம்.

"திருப்பம் வருது, வலது. லேசாப் பிடிங்க" என்றாள் மோகனப்ரியா. அவன் லிவரை அழுத்தினான். "விடுங்க. இப்ப நேரா. பள்ளம் ஒண்ணு. திரும்பவும் பிடிங்க." இப்படியே இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவுகள் கடந்தன. குளிர்ந்த காற்றில் மூங்கில் வாசனை வந்தது. மோகனப்ரியா ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தாள்.

"பிடிங்க, இது செங்குத்தா இருக்கு. நல்லாப் பிடிங்க."

அழுத்தினான். விரலுக்கு அடியில் நற நற என்று இழைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போவதை உணர்ந்தான். அடுத்த நொடி லிவர் வெறுமனே கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது.

"பிடிங்கங்க!"

"ஒயர் அறுந்துருச்சு ப்ரியா. நீ பிடி. ரெண்டையும் பிடி."

"என்னது?"

"அறுந்துருச்சு! பிரேக் இல்ல!"

அவள் இரண்டு பிரேக்குகளையும் இறுக்கினாள். கட்டைகள் கிறீச்சிட்டன. வேகம் கொஞ்சம் குறைவதுபோல் இருந்தது. ஆனால் நிற்கவில்லை. வளைவில் சைக்கிள் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி இறக்கம்.

"நிக்க மாட்டேங்குதுங்க!" அவள் குரல் உடைந்தது.

"விட்டு விட்டுப் பிடி. ஓரமாப் போ, மண்ணுல இறக்கு."

"ஓரம் எங்க இருக்கு? பள்ளமாத்தான் இருக்கு!"

அவன் தன் செருப்புக் காலை ரோட்டில் தேய்த்தான். கணுக்கால் மடங்கியது. ரப்பர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. அது என்ன நாற்றம் என்று அவனுக்குத் தெரியும். இனி என்ன நடக்கும் என்பதும் தெரியும். சொல்ல வாயெடுப்பதற்குள் முன்சக்கரம் துப்பாக்கி சுட்டதுபோல் வெடித்தது.

அவனுக்கு முன்னால் இருந்த முதுகு இல்லாமல் போனது. பிறகு தார் ரோடு வந்து தோளில் அடித்தது.

எவ்வளவு நேரம் கிடந்தான் என்று தெரியவில்லை. முதலில் கேட்டது சக்கரம் டிக் டிக்கென்று தானே சுற்றி, மெதுவாகி, நின்றுபோன சத்தம். அதற்கப்புறம் சில்வண்டுகள்.

"ப்ரியா."

பதில் இல்லை.

"ப்ரியா! மோகனப்ரியா!"

எழுந்து நின்றான். எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று தலை சுற்றியது. மறுபடி மண்டியிட்டு உள்ளங்கையை ரோட்டில் வைத்துச் சரிவைத் தேடினான். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது தெரிந்தது, வலி தெரியவில்லை. நாலு காலில் தவழ ஆரம்பித்தான். கையை வீசி வீசித் தேடினான். தண்ணீர் பாட்டில் கிடைத்தது. உருளைக்கிழங்கு உருண்டை ஒன்று நசுங்கி விரலில் ஒட்டியது. ஒரு ஷூ கிடைத்தது. அவளுடையது. உள்ளே இன்னும் சூடு இருந்தது. 

"எங்கடி இருக்க? ஒரு சத்தம் குடு. ஒரே ஒரு சத்தம் குடு!"

தன் மூச்சே காதை அடைத்தது. அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு கேட்டான். இரண்டு முறை ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை இடது கைப் பக்கம் கீழே, தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டு மூச்சு இழுப்பதுபோல் ஒரு சின்ன ஒலி.

ஓரத்துத் தடுப்புக் கற்களைத் தடவிக்கொண்டே போனான். ஓர் இடத்தில் கல் இல்லை. மண் சறுக்கியிருந்தது. செடிகள் ஒடிந்து பச்சை வாடை அடித்தது. அங்கேயே உட்கார்ந்தபடி சறுக்கி இறங்கினான். உண்ணிச்செடியின் முள் சட்டையைக் கிழித்தது. கால் எதிலோ இடித்தது. குனிந்து தொட்டான். மனுஷக் கால். ஆனால் கால் திரும்பக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

மேலே மேலே தடவிக்கொண்டு போய் முகத்தைக் கண்டுபிடித்தான். ஹெல்மெட் ஒரு பக்கம் பிளந்திருந்தது. கன்னம் பிசுபிசுத்தது. மூக்கடியில் விரலை வைத்தான். மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வாய்க்குள் விரலை விட்டு ரத்தத்தையும் மண்ணையும் வழித்து எறிந்தான். ஒருக்களித்து இருக்கும்படி அவள் தலையை மட்டும் மெதுவாகச் சாய்த்துவிட்டான். சத்தம் கொஞ்சம் குறைந்தது.

தன் போனை எடுத்தான். அதில் பேசும் பெண்குரல் "நெட்வொர்க் இல்லை" என்றது. மறுபடி அழுத்தினான். "நெட்வொர்க் இல்லை." கையை உயரத் தூக்கிப் பிடித்து அழுத்தினான். அந்தக் குரல் அலுக்காமல் அதையே சொன்னது. மோகனப்ரியாவின் போன் சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருந்தது. அது எங்கே சிதறியதோ.

மேலே ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வரும் சத்தம் கேட்டது. "அண்ணா! அண்ணா! நிறுத்துங்க! கீழ இருக்கோம்!" தொண்டை கிழியக் கத்தினான். சத்தம் நெருங்கியது, அவன் தலைக்கு மேலாகக் கடந்தது, வளைவில் தேய்ந்து மறைந்தது.

அவன் அவள் வயிற்றின்மேல் தலையை வைத்து அழுதான். இங்கே உட்கார்ந்திருந்தால் எந்த வண்டியும் நிற்கப்போவதில்லை. ரோட்டுக்கு ஏறிப்போனால் திரும்ப இந்த இடத்தைக் கண்டுபிடிப்போமா? கண் உள்ளவர்களே பார்க்காமல் போன இடம். மேலே போய்விட்டு வழி தெரியாமல் அவன் வேறு எங்காவது இறங்கித் தடவிக்கொண்டிருக்கையில் இவள் மூச்சு நின்றுபோனால்? இது யானை நடக்கிற காடு வேறு. கீழே எங்கோ மூங்கில் முறிகிற சத்தம் கேட்டதா, அல்லது அப்படித் தோன்றியதா?

போனில் ஒரு மேளச் சத்தம் இருந்தது. அரியலூர்ப் பக்கம் அவன் ஊரில், மாரியம்மன் கோயில் திருவிழாவில் நின்றபடி அவனே பதிவு செய்தது. தவில், உருமி, நடுவில் யாரோ விசிலடிக்கிற சத்தம். அதைத் தேடி எடுத்து, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றி, அவள் தோளுக்குப் பக்கத்தில் வைத்தான். காடு அதிர்ந்தது.

"இதோ வந்துடறேன் ப்ரியா. மூச்ச விட்டுறாத. நான் வர்ற வரைக்கும் விட்டுறாத."

வேர்களைப் பிடித்து ஏறினான். இரண்டு முறை மண் சரிந்து கீழேயே வந்து விழுந்தான். ரோட்டை அடைந்ததும் சைக்கிளைத் தேடி நடந்து, அதன்மேலேயே தடுக்கி விழுந்தான். அதை இழுத்துக்கொண்டு வந்து, மேளம் கேட்கிற இடத்துக்கு நேராக ரோட்டின் குறுக்கே போட்டான். நீளமான சைக்கிள், முக்கால் ரோட்டை அடைத்தது. மீதி இடத்தில் தான் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

மேலிருந்து ஏதாவது வேகமாக வந்தால் அவனையே அடித்துவிட்டுப் போய்விடும். போகட்டும், அப்போதாவது நிறுத்துவார்கள், மேளம் கேட்கும், கீழே பார்ப்பார்கள் என்று நினைத்தான். அப்படி நினைத்ததில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

கடைசியில் வண்டி கீழிருந்துதான் வந்தது. பாரம் ஏற்றிய வண்டி, மூச்சுத்திணறி ஏறுகிற சத்தம். ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை. பிரேக் போட்டு அவன் முகத்தில் சூடு அடிக்கிற தூரத்தில் நின்றது.

"யோவ்! சைக்கிள ரோட்ல போட்டுக்கினு மேளம் வாசிக்கிறியா? குடிச்சிருக்கியா?"

"அண்ணா, கீழ என் சம்சாரம் விழுந்து கெடக்கறா. மேளம் கேக்குதுல்ல, அங்கதான். எனக்குக் கண்ணு தெரியாதுண்ணா. வண்டிய மட்டும் எடுத்துடாதீங்க. கால்ல விழறேன்."

சொன்னபடியே விழுந்தான். கதவு திறக்கும் சத்தம். என்ன ஆயிற்று என்று ஒரு பெண்குரல் கன்னடமும் தமிழுமாகப் பதறியது: "ஏனாய்த்து? ஏனாய்த்து? அய்யோ தேவரே, அங்க பாரு சென்றாயா, கீழ பாரு!"

சென்றாயன் என்கிற அந்த மனிதர் அஞ்செட்டிப் பக்கத்து ஊரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கூட வந்த சென்னம்மா, அந்தத் தக்காளியின் சொந்தக்காரி. இரண்டு பேரும் பேச்சு வளர்க்கவில்லை. தக்காளிக் கூடைகளில் பாதியை ரோட்டோரம் இறக்கி இடம் பண்ணினார்கள். பாரத்தை மூடியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு கீழே இறங்கி, மோகனப்ரியாவை அதில் கிடத்தித் தூக்கினார்கள். ஒரு முனையை பாஸ்கரன் பிடித்தான். "கால அங்க வை. கல்லு இருக்கு. இப்ப மேல. இன்னும் மேல" என்று சென்னம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்.

வண்டி கிளம்பியது. பின்னால் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவள் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சென்னம்மா எதிரில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்திருந்தாள்.

"கண்ணு தெரியாத ஆளு, காட்டுக்குள்ள எதுக்குப்பா சைக்கிளு?" என்று கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

"இது இல்லாம என்னால இருக்க முடியலம்மா" என்றான். சொன்னபிறகு அது எவ்வளவு கேவலமான பதில் என்று தோன்றியது.

தேன்கனிக்கோட்டையில் முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் ஓசூருக்கு அனுப்பினார்கள். தொடை எலும்பும் இடுப்பும் உடைந்திருந்தன. மண்டைக்குள் ரத்தக்கசிவு கொஞ்சம் இருந்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்றார் டாக்டர். அன்றைக்கு ஒன்று, இரண்டு நாள் கழித்து ஒன்று என்று ஆபரேஷன் செய்தார்கள். பாஸ்கரன் அந்த வராந்தாவிலேயே கிடந்தான். யார் வந்து சாப்பிடச் சொன்னாலும் தலையை ஆட்டினான். இழை குத்திய கட்டைவிரல் சீழ் வைத்து வீங்கியிருந்தது. அதை யாரிடமும் காட்டாமல் கையை மூடியே வைத்திருந்தான்.

மோகனப்ரியா தெளிவாகப் பேச ஆரம்பித்த அன்று அவனை உள்ளே விட்டார்கள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். நாக்கு தடித்த பேச்சு.

"ஒண்ணுமில்ல."

"அந்த ஒயர் எப்படிங்க அறுந்துச்சு? அன்னிக்குக் காலைலதான பாத்தீங்க?"

அவனுக்கு அந்தக் கணத்தில்கூட ஒரு பொய் தயாராக வந்தது. புது ஒயரே சில சமயம் அறும், யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"ஒரு இழை அறுந்திருந்தது ப்ரியா. கையில குத்துச்சு. தெரிஞ்சேதான் கிளம்பலாம்னு சொன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.  அந்த மௌனத்தில் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு வழியே இல்லை.

"நான் கேட்டேன்" என்றாள் கடைசியில். "அடுப்படியில இருந்து கேட்டேன். கேட்டேன்ல?"

"கேட்ட."

"உங்களுக்குக் கண்ணு இல்லைங்கறதுக்காக நான் கண்ணா இருந்தேன். எனக்குத் தெரியாதத நீங்கதான் சொல்லணும். இல்லன்னா நான் எதப் பாத்து ஓட்டறது?" மூச்சு வாங்கியது. "இன்னும் எதெல்லாம் எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கீங்க?"

கட்டைவிரலை நீட்டிக் காட்டினான். அது மட்டும்தான் இப்போது இருக்கிறது என்றான். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

"தண்ணி வேணும்."

மேசையைத் தடவிப் பாட்டிலைத் தேடினான்.

"நீங்க வேணாம். சிஸ்டரக் கூப்பிடுங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்க் கூப்பிட்டான். நர்ஸ் அவனைத் தாண்டி உள்ளே போனாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், அதோடு மோகனப்ரியா விசும்பி அழத் தொடங்குகிற சத்தமும் கேட்டன. உள்ளே போகக் காலெடுத்து, போகாமல் கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. சென்றாயன். அந்தம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பேசுகிறாள் என்றதும், "அப்பாடா, எங்க சாமி காப்பாத்துச்சு" என்றார். பிறகு, "அந்த சைக்கிள எங்க வீட்டாண்ட கொண்டாந்து போட்டு வச்சிருக்கேன். முன்னால சக்கரம்தான் நசுங்கிப் போச்சு, மத்தபடி நல்லாத்தான் கீது. எப்ப வந்து எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார்.

உள்ளே அழுகை இன்னும் நிற்கவில்லை.

"அவளக் கேக்கணும்ணா" என்றான் பாஸ்கரன். "இப்பக் கேக்க முடியாது. அவ என்னிக்கு எங்கிட்டப் பேசறாளோ, அன்னிக்குக் கேட்டுட்டுச் சொல்றேன்."